நாற்பத்தேழாவது ஆர்டர்

வெள்ளிக்கிழமை, ஜும்மா முடிந்ததும்
திறந்துவிடலாம் என்றார் அபுதாகிர் அண்ணன்.
இது வியாழன் இரவு.
விளக்குத்தூண் பக்கம், பாத்திரக்கடை மாடியில்,
குக்கர் கேஸ்கட் மூட்டைகளுக்கு நடுவே
ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல், ஒரு லேப்டாப், நான்.
ரப்பர் வாசனை சட்டையில் ஏறிவிட்டது.

வாங்குகிறேன்.
மூன்று லிட்டர் கேஸ்கட் ஒன்று, எழுபது ரூபாய்.
கொடுத்தது எந்த வங்கியும் தராத அட்டை.
நான்கில் தொடங்கி
ஒன்று ஒன்று ஒன்று என்றே ஓடும் அதன் எண்.
பணம் வந்தது என்கிறது திரை.
வரவில்லை.
அப்படித்தான் இருக்க வேண்டும்.

அடுத்து, தோற்க வேண்டிய அட்டைகள்.
காலாவதியானது. திருடுபோனது.
ஓடிபி வருவதற்குள்
மனம் மாறி எழுந்துபோகிறவனுடையது.
ஒவ்வொன்றுக்கும் ஒரு ஆள் வேண்டும்.
பெயர்ப் பெட்டியைக் காலியாக விட்டால் நகராது,
நானே எழுதிய விதி.
முதல் பத்துப் பேரை
எட்டாம் வகுப்பு வருகைப் பதிவேடு தந்தது:
அழகுமலை, ஜெசிந்தா, வீரணன்,
அப்புறம் அந்த முதல் பெஞ்சு மும்தாஜ்.
அதுவும் தீர்ந்தபின் பஸ் போர்டுகள்.
மேலூர் என்று ஒருவர்.
நத்தம் என்று ஒருவர்.
பெயர் திருமங்கலம், தகப்பனார் பெயர் வழி கப்பலூர்.

பணம் போதாத அட்டைக்கு மட்டும்
யோசிக்காமல் தனராஜ் என்று அடித்தேன்.
பத்தாயிரம் வாங்கி ஆறு வருஷமாகிறது.
'உங்கள் கணக்கில் போதிய பணம் இல்லை.'
மூன்று முறை ஓட்டிப் பார்த்தேன்.
சோதனைக்கு ஒரு முறையே போதும்.

கீழே கொத்துப் பரோட்டாக் கல் ஓய்ந்த நேரம்
நிஜச் சாவியைப் போட்டேன்.
பொருள்: ஒரு ரூபாய்.
என் அட்டை, என் வங்கி, என் போன்.
ஒரு ரூபாய் கழிக்கப்பட்டது என்று மெசேஜ்.
கடையில் ஆர்டர் இல்லை.
என்னை விட்டுப் போய்விட்டது,
அண்ணனிடம் போய்ச் சேரவில்லை.
ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பார்கள்.
அளந்துதான் போட்டேன்.
ஆற்றைத்தான் காணோம்.

முக்கால் மணி நேரம்.
கடைசியில் ஒரு சாய்கோடு,
முகவரியின் வாலில் ஒட்டிக்கொண்டு நின்றது.
கிள்ளி எறிந்துவிட்டு
இன்னொரு ரூபாய் அனுப்பினேன். வந்தது.
முதல் ரூபாய் ஐந்து முதல் ஏழு வேலைநாளில்
திரும்புமாம்.

இனி துடைக்க வேண்டியதுதான்.
நோட்டில் கோடு கோடாக எண்ணி வைத்தவை
நாற்பத்தாறு.
திரை நாற்பத்தேழு என்றது.
அனைத்தையும் தேர்ந்தெடு என்று டிக் அடித்தாயிற்று,
அழி என்பதன் மேல் விரல்.

ஒச்சம்மாள்.
கருமாத்தூர், பால் சொசைட்டிக்கு எதிர் வீடு.
ஐந்து லிட்டர் கேஸ்கட், ஒன்று.
பணம், பொருள் வந்ததும் கையில்.
இரவு 11:52.

நான் போட்டதா?
கருமாத்தூருக்கும் போர்டு உண்டே.
எனக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது.
ககககக என்று நான் நிரப்பி வந்த குறிப்புப் பெட்டியில்
அவள் எழுதியிருந்தாள்:
'பழைய குக்கர். கைப்பிடி ஒன்னு இல்ல, பரவால்ல.
வாசர் மட்டும் போதும்.
ஞாயித்துக்கெழம விருந்தாளு வர்றாக.'

வேண்டாம் வேண்டாம் என்று சொல்லியும்
ஏதோ குரூப்பில் லிங்க்கைப் போட்டுவிட்டார் அண்ணன்.

அவள் பெயருக்கு எதிரே இருந்த டிக்கை மட்டும் எடுத்தேன்.
மற்றவர்கள் போனார்கள்,
அழகுமலை, மும்தாஜ், மேலூர், நத்தம்,
தனராஜும்.

எழுந்து ஐந்து லிட்டர் மூட்டையை அவிழ்த்தேன்.
அவிழ்த்த பிறகுதான் உறைத்தது.
உள்மூடியா, வெளிமூடியா?
இரண்டுக்கும் வேறு வேறு வளையம்,
ஒன்று மற்றதில் உட்காராது.
அந்தக் கேள்வி என் படிவத்திலேயே இல்லை.

நாற்பத்தாறு பேர் வாங்கினார்கள்.
ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை.