அரை, அரையே அரைக்கால்

ஆறு யூ போதும் என்று முடிவெடுத்தேன்.
பத்தரை இஞ்சி உயரம்.
ஐந்நூற்றைம்பது சதுர அடி வீட்டுத்திட்ட வீட்டில்
அலுமாரிக்கென்று விட்டு
அலுமாரி வாங்காமலே போன மூலை அது.
மேலே சீற்.
மல்லாவி வெயிலைப் பகல் முழுக்கக் குடித்து
இரவில்தான் கீழே விடும்.

கொழும்பில் விற்கிற றாக்
என் இரண்டு மாதச் சம்பளம்.
மாங்குளத்துப் பழைய இரும்புக்கடையில்
நிறுத்து வாங்கினேன் நாலு துண்டு ஆங்கிள்.
துருவைச் சுரண்டினால் கீழே பச்சைப் பெயின்ற்.
எதிலிருந்து வெட்டினது என்று நான் கேட்கவில்லை.
கடைக்காரரும் தராசைத்தான் பார்த்தார்.

வெல்டிங் மரியசீலன்
ஏழாம் ஆண்டு வரை என் வகுப்பு.
அதற்குப் பிறகும் பள்ளிக்கூடம் நடந்தது,
மெய்யாகவே நடந்தது,
ஊர் ஊராக, மரத்துக்கு மரம்.
நாங்கள்தான் ஒரே மரத்தில் நிற்கவில்லை.

"பத்தொன்பதோ? இருபதாப் போடுவம், வடிவா இருக்கும்."
"இருபதெண்டா ஒண்டும் நிக்காது, சீலன்."
உலகம் முழுக்க இந்தப் பெட்டிக்குப் பத்தொன்பது என்றேன்.
உலகம் முழுக்கவோ என்று
அளவுநாடாவை இன்னொருமுறை இழுத்துப் பார்த்தான்.

ஓட்டைக் கணக்குச் சொன்னேன்:
அரை, அரையே அரைக்கால், அரையே அரைக்கால்.
பிறகும் அரை.
"என்னடி, மேளமடிக்கிறாய்?"
ஆனால் றில்லை அழுத்தும்போது
அவன் வாயிலும் அதுதான் ஓடியது.
ஐந்தாம் யூவில் கரண்ட் போய் வந்து தாளம் தப்பியது,
இரண்டு மில்லிமீற்றர்.
வட்ட அரத்தால் இழுத்தோம்.
அந்த ஓட்டை மட்டும் இன்றைக்கும் முட்டை.

பல்லிக்கு நுளம்புவலை.
முசுறுக்குக் காலடியில் நாலு மூடி, மண்ணெண்ணெய்.
ஐப்பசி இடிக்குச் செப்புக்கம்பி இறக்க வேண்டும்.
சுத்தியலைத் தூக்கினேன்.
"பொறு" என்றான்.
குந்தியிருந்து,
மெல்லிய கம்பியொன்றைச் சரிவாய் விட்டு விட்டு
மண்ணைக் கேட்டான், நாலு இடத்தில்.
"சரி, அடி."
இந்த வளவு எப்போதோ துப்புரவாக்கிக் கையெழுத்தானது.
அவனுக்கும் தெரியும்.

ஆஸ்பத்திரி ஏலத்தில் எடுத்த இரண்டு கணினி,
மூடி கழற்றி, தட்டையாய்.
பதினாறு வாய்ச் சுவிச்சில் ஒன்பதுக்கு உயிர்.
"இதில என்ன செய்வாய்?"
"உடைச்சுப் பாப்பன்."
"உடைஞ்சா?"
"திருப்பிக் கட்டுவன். அதுக்குத்தான் இது."
வேலையில் நான் ஒரு வரி பிழையாய் அடித்தால்
நாலாம் வார்ட்டுக்கு இரத்த அறிக்கை போகாது.
இங்கே ஓரிரவில் மூன்றுதரம் சாகடிக்கலாம்.
ஒருவரும் அழமாட்டார்கள்.

டிஸ்க் இரண்டையும் தட்டிப் பார்த்தான்.
ஒன்றில் இருப்பதுதான் மற்றதிலும் என்றேன்.
"அப்ப நெருப்புப் பிடிச்சா?"
"வேற ஊரில ஒரு பிரதி வைக்க வேணும்."
முறுக்கிக்கொண்டிருந்த நட்டை அப்படியே விட்டான்.

"எங்கட காணி உறுதியும் மூண்டு.
ஒண்டு தலகாணி உறைக்குள்ள.
ஒண்டு மாத்தளன் மண்ணுக்குள்ள, பொலித்தீன் சுத்தி.
ஒண்டு முந்தியே வவுனியாவில, சித்தப்பாட்ட."
பிறகு நட்டை முறுக்கினான்.
எது மிஞ்சியது என்று சொல்லவில்லை.
அவன் இப்போது எந்தக் காணியில் இருக்கிறான் என்று
எனக்குத் தெரியும்.

இரவு எட்டரைக்கு ஓடவிட்டேன்.
அரிசி ஆலை தோற்றது என்றார் மணிமாறன்,
தலையணையைக் காதில் வைத்து.
பச்சை விளக்குகள், ஒழுங்கில்லாமல்.
ஐந்தாம் தட்டு கொஞ்சம் அதிர்ந்தது;
சைக்கிள் ரியூப்பில் ஒரு துண்டு வெட்டிச் செருகினேன்.

கூலி வேண்டாமென்றான் சீலன்.
போனை நீட்டினான், திரை வெடித்தது.
"இதில கிடக்கிறத எடுத்து வை. ரெண்டிலயும்."
எடுத்து வைத்தேன்.
கல்யாணப் படமில்லை, பிள்ளைகளின் படமுமில்லை.
கேற்.
மயில் வைத்த கேற், சூரியன் வைத்த கேற்,
சும்மா குறுக்குச் சட்டம் போட்ட கேற்,
துணுக்காய் முதல் ஒட்டுசுட்டான் வரை
அவன் ஒட்டிக்கொடுத்த எல்லா வாசலும்.

ஞாயிறு காலை வவுனியா பஸ்.
யன்னலோரம்.
துவாயில் சுற்றி மடியில் மூன்றாவது டிஸ்க்.
"என்ன தங்கச்சி, முட்டையோ?" என்றார் கொண்டக்டர்.
ஓம் என்றேன்.
எழுநூற்றுச் சொச்சம் கேற்.