பாபியாக் நினைவு நிதி

பட்டமேற்படிப்புப் பிரிவின் மூன்றாம் கவுன்ட்டரில்
எனக்கு இது பதினோராவது குளிர்காலம்.
சாஸ்கடூனில் பிப்ரவரி ஒரு ஆள்.
கதவு திறக்கும்போதெல்லாம் முதலில் அவன் உள்ளே வருவான்.
பின்னால்தான் மாணவர்கள்,
மூக்குக்கண்ணாடி வெளுத்துப்போய்,
எந்தப் பக்கம் என்று தெரியாமல் நின்று,
கண்ணாடி தெளிந்ததும் பணத்தைப் பற்றிக் கேட்பார்கள்.

பணத்துக்கு இங்கே ஏழெட்டுப் பெயர்.
சம்பளம் என்று மட்டும் சொல்லக் கூடாது.

கெவோர்க்குக்கு அதன் பெயர் கற்பித்தல் உதவி.
வாரம் பன்னிரண்டு மணி நேரம், தாளில்.
அறுபத்துமூன்று விடைத்தாள், மேசையில்.
மாதக் கடைசியில் வலது கை வாங்குவதை
இடது கை கட்டணமாகத் திருப்பிக் கட்டுகிறது,
இதே கூடத்தில், இரண்டு கவுன்ட்டர் தள்ளி.
"பணம் இந்தக் கட்டடத்தைத் தாண்டுவதே இல்லை.
நான்தான் யெரெவானிலிருந்து தாண்டி வந்திருக்கிறேன்"
என்று சிரிப்பான்.

ஒரு மாநாட்டுக்கு அவனுக்குப் பயணப்படி கிடைத்தது.
போய்வந்து ரசீது கொடுத்தால் தருவோம்.
"போவதற்கு?" என்றான்.
அதற்கு என்னிடம் படிவம் இல்லை.
அவசரக் கடன் இருக்கிறது, ஐந்நூறு டாலர்,
தொண்ணூறு நாளில் திருப்ப வேண்டும்.
கடன் என்று தன் பெயரைத் தானே சொல்லிக்கொள்கிற
ஒரே பணம் அதுதான்.
வாங்கிக்கொண்டு போனான்.

மாரென் தீஸன் வேறு.
அவள் பேராசிரியரின் மானியத்தில் இருந்தாள்,
மானியம் தலைநகரில் ஒரு குழுவின் கையில் இருந்தது,
குழு நவம்பரில் கையை மூடிக்கொண்டது.
பேராசிரியர் நல்லவர், மிகவும் வருந்தினார்.
வருத்தத்தில் வாடகை கட்ட முடியவில்லை.

வடக்கே ஏரிக்கரைப் பாறைகளில் படரும்
ஒரு கற்பாசியை அவள் படிக்கிறாள்.
வருடத்துக்கு ஒரு மில்லிமீட்டர் வளரும்.
"என் ஆய்வேட்டைவிட வேகம்" என்றாள்.

அன்றைக்குத்தான் அலமாரியின் அடித்தட்டிலிருந்து
பாபியாக் கோப்பை எடுத்தேன்.
ஏழு வருடமாக யாரும் கேட்காத நிதி.
டிராக்டர் உதிரிபாகம் விற்ற கணவரின் பெயரில்
வேரா பாபியாக் வைத்தது.
ஒரே நிபந்தனை, அவர் கையெழுத்தில்:
"எதற்கும் உதவாத ஒன்றைப் படிப்பவருக்கு."
எங்கள் வழக்கறிஞர் வாசகத்தை மாற்றச் சொல்லி
மூன்று கடிதம் போட்டார்.
கிழவி மூன்றுக்கும் ஒரே சொல்லில் பதில் போட்டார்.

மாரென் படிவத்தை வாசித்தாள்.
பேனாவை எடுத்தாள், வைத்தாள்.
ஐந்து வருடமாக எல்லா விண்ணப்பத்திலும்
இந்தப் பாசி காற்றை அளக்கும், சுரங்கத்தைக் காட்டிக்கொடுக்கும்,
மருந்தாகக்கூட ஆகலாம் என்று எழுதியவள்.
அந்த நாற்காலியில் நாற்பது நிமிடம் இருந்தாள்.
பிப்ரவரி ஆறு முறை வந்துபோனான்.
கடைசியில் ஒரு வரி எழுதினாள்:
"எதற்கும் உதவாது. எனக்குப் பார்க்கப் பிடிக்கும்."

நன்றிக் கடிதத்துக்கு விதிகள் உண்டு.
தொகையைச் சொல்லக் கூடாது.
கஷ்டத்தைச் சொல்லக் கூடாது.
ஆய்வின் முன்னேற்றம், எதிர்காலத் திட்டம், புன்னகைக்கும் படம் ஒன்று.
செப்டம்பரில் மாரென் கொண்டுவந்தது இது:

"அன்புள்ள திருமதி பாபியாக்,
ஆயிரத்து நூறு டாலர் பல்லுக்குப் போனது, வேர் சிகிச்சை.
அறுநூறு, பனிக்கால டயர்கள்.
மீதியில் மே மாதம் முழுவதும்
ஒரே ஒரு பாறையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்."

திருத்தச் சொல்லித் திருப்பியனுப்ப வேண்டும்.
உறைக்கு நாக்கால் பசை தடவி
தபால் பெட்டியில் நானே போட்டேன்.

பத்து நாளில் ஒரு அட்டை வந்தது,
முகவரியில் மாரெனின் பெயர், எங்கள் கவுன்ட்டர்.
உறை இல்லாத அட்டை. நான் வாசிக்காமல் இருக்க
எந்த விதியும் போதாது.

"எந்தப் பாறை?
ஜூனில் தம்பி மகன் காரோடு வருகிறான்.
எனக்கு முழங்கால் சரியில்லை.
ஏறவேண்டியிருக்குமா என்று மட்டும் எழுது."