பதினெட்டாம் பிரிவு

கரடிப்போக்குச் சந்திக்குக் கிட்ட
நீலப் படலை போட்ட அலுவலகத்தில்
நான் பெறுகை உதவியாளர்.
எதற்கும் மூன்று விலை கேட்பது என் வேலை.
ஆணிக்கு மூன்று, அரிசிக்கு மூன்று,
பூநகரிக் கிணறுகள் உப்பாகிப்போன அந்த ஆடியில்
தண்ணீருக்கும் மூன்று.

இருவர் மின்னஞ்சலில் அனுப்பினார்கள்.
தர்மகுலசிங்கம் நேரில் வந்தார்.
கொப்பித் தாளில் எழுதிய விலை
சேர்ட்டுப் பையில் நாலாய் மடிந்து ஈரமாய் இருந்தது.
தட்டச்சில் தரமுடியுமோ என்றேன்.
"தண்ணிக்கு என்ன பிள்ளை தட்டச்சு?"

ஒப்பந்தம் இருபத்திரண்டு பக்கம், ஆங்கிலத்தில்.
தமிழில் விளக்குவதும் நான்தான்.
பிந்தினால் நாளுக்கு இத்தனை வீதம் தண்டம்: விளங்கியது.
குளோரின் அளவு: விளங்கியது.
பதினெட்டாம் பிரிவில் தடக்குப்பட்டேன்.
இதில் உள்ள எதுவும்
நிறுவனத்தின் சிறப்புரிமைகளையோ
விடுபாட்டுரிமைகளையோ
விட்டுக்கொடுத்ததாகக் கொள்ளப்படமாட்டாது.
"அப்பிடியெண்டா?"
அது எல்லா ஒப்பந்தத்திலயும் இருக்கிறதுதான், அண்ணை.
ஒவ்வோர் எழுத்தாக
முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்து வைத்தார்.

புரட்டாசி வரை ஓடினார்.
பதினொரு நடைக்குக் காசு வரவில்லை.
பவுசரில் நாங்கள் பூட்டிய கருவி
கௌதாரிமுனைப் பக்கம் சிக்னலை விட்டுவிட்டு
வண்டி அன்றெல்லாம் எங்கும் போகவில்லை
என்று பதிந்திருந்தது.
குடித்த சனம் இருந்தது.
பெருவிரல் அடையாளங்கள் இருந்தன,
பிழையான நிரலில்.
தகுதியற்ற செலவு என்றது தலைமையகம்.
பணத்துக்கேற்ற பெறுமதி பற்றி
மூன்று நாள் பயிற்சி எடுத்தவள் நான்,
சான்றிதழும் இருக்கிறது.
எனக்கும் அது சரியென்றே பட்டது,
ஒரு பின்னேரம் மட்டும்.

தொண்ணூற்று மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய்.
பிணக்கென்றால் நடுத்தீர்ப்புக்குப் போகலாம்.
அது நடக்கும் நகரத்தின் பெயர்
எனக்கே வாயில் வராது.
கட்டவேண்டிய வைப்புப் பணத்துக்கு
இன்னொரு பவுசர் வாங்கலாம்.

அவர் கிளிநொச்சிக் கோட்டுக்குப் போனார்.
பிஸ்கால் மோட்டார்சைக்கிளில் வந்து
அழைப்பாணையை நீட்டினார்.
காவலாளி கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்,
அப்படித்தான் அவனுக்குச் சொல்லியிருந்தது.
பணிப்பாளர் நல்ல மனிதர்,
யாரோடும் குரல் உயர்த்தாதவர்.
"தனிப்பட்ட விஷயமில்லை" என்றார் என்னிடம்,
"வாங்கினால் உரிமையை விட்டதாகிவிடும்."
பிஸ்காலுக்கு ஒரு கிளாஸ் தண்ணீர் கொடுத்தேன்.
அதை வாங்கினார்.

நான் அந்தச் சொல்லைப் பழிக்கமாட்டேன்.
சண்டைக்காலத்தில் ஒரு சோதனைச் சாவடியில்
வெள்ளை வாகனத்தின் பின் இருக்கையில் இருந்தேன்.
மடியில் பெயர்ப் பட்டியல்,
வெளியே துவக்கோடு ஒருவன்.
கண்ணாடியை இறக்காமல்
சாரதி கொடியைக் காட்டினான்.
கதவு திறக்கப்படவில்லை.
பட்டியலில் இருந்தவர்களில் மூன்று பேரை
இன்றைக்கும் சந்தையில் காண்கிறேன்.
அந்தக் கதவும் இந்தப் படலையும்
ஒரே சட்டத்தால் பூட்டியவை.
எங்கே எதைத் திறப்பதென்று
அதில் எழுதியில்லை.

திட்டம் முடிந்தது. பொருட்களை விற்றோம்,
அதற்கும் மூன்று விலை.
ஜெனரேற்றருக்குத் தர்மகுலசிங்கமும் கேட்டிருந்தார்,
இம்முறை தட்டச்சில், முத்திரை குத்தி:
எனக்குத் தரவேண்டிய 93,500ஐக் கழித்து
மிகுதியைக் காசாகத் தருவேன்.
அதுதான் கூடின விலை.
நிபந்தனையுள்ள விலைமனு, நிராகரிக்கப்பட்டது
என்று என் கையால் எழுதினேன்.

காரணம் கேட்டு வந்தார்.
கதிரையை இழுத்துப் போட்டு
பதினெட்டாம் பிரிவை
முதலிலிருந்து சொன்னேன்,
கோடு, பிஸ்கால், கொடி, கதவு எல்லாம் சேர்த்து.
கேட்டு முடித்து
மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"இதை அண்டைக்கே சொல்லியிருக்கலாமே, பிள்ளை."

சொல்லியிருக்கலாம்.
சொல்லியிருந்தாலும் கையெழுத்து வைத்திருப்பார்.
அது ஆடி மாதம்.