வாடகை நோட்டு

மார்கழிப் பக்கத்தில்
மூணாம் நம்பர் ரூமுக்கு நேரே
சுக்ராம் முர்மு என்று
முழுப்பேர் எழுதியிருக்கிறேன்,
பிழை வந்துவிடக் கூடாதென்று
ஆதார் அட்டையை வாங்கிப் பார்த்து.

ஒன்றரை ஷிப்ட் ஓடிய காலம்.
ராத்திரி பன்னிரண்டுக்கு வந்து
குழாயடியில் சத்தமாய்க் குளிப்பான்.
பாவம், உழைக்கிற பையன் என்போம்.

தையில் நூல் விலை ஏறிற்று.
எங்கோ ஒரு தேசத்தில் வரி போட்டார்கள்;
இங்கே வேலம்பாளையத்தில்
பவர் டேபிள்களுக்கு உறை மாட்டினார்கள்.

பங்குனியில் வெறும் சுக்ராம்.
சித்திரையில் இந்திக்காரன்.
இந்தி அவன் வீட்டுப் பேச்சில்லை,
சந்தாலி என்று ஒருமுறை சொல்லியிருந்தான்.
மறந்துவிட்டது என்று சொல்ல முடியாது.
வைகாசியில் ‘3, வடக்கு.’

அதே குழாய், அதே குளியல்.
"தண்ணியெல்லாம் இவனுகளே தீத்துப் போடறானுக" என்றேன்
எதிர்வீட்டு மயிலாத்தாளிடம்.
அவள் மகனுக்கு மெர்ச்சன்டைசர் வேலை போய்
அன்றோடு நாற்பது நாள்.
யார் மேலாவது கோபப்பட வேண்டியிருந்தது எங்களுக்கு.
டாலர் எந்த ரூமில் குடியிருக்கிறது?

ஆடியில் காலி செய்தான்.
அட்வான்ஸில் ஐந்நூறு பிடித்துக்கொண்டேன்,
சுவரில் ஒரு ஆணி அடித்ததற்கு.

இது கார்த்திகை.
கம்பெனி சென்னியப்பன் போன் செய்கிறார்:
"ஏனுங்க்கா, உங்க லைன்ல இருந்தானே
ஓவர்லாக் தம்பி, தங்கமான பையன்,
நம்பர் இருக்குங்களா?
சம்மர் ஆர்டர் வந்துருச்சுங்க."

நோட்டைப் புரட்டுகிறேன்.
வைகாசி. சித்திரை. பங்குனி.
பின்னால் போகப் போக
பேர் நீளமாகிறது.