அடிப்பலகை

ஒரே ஷேர் ஆட்டோவில் ஆறு பேர் வந்தார்கள்.
சிந்தாமணி வீட்டை ஆறாகப் பிரித்தாயிற்று,
ஆறு வாசல் வைத்தாயிற்று,
ஆறு வாசலுக்கும் அப்பா பேர் வேண்டும்.
"ஒண்ணு பெருசு ஒண்ணு சிறுசுன்னு இருக்கப்படாது"
என்றார் மூத்தவர் சோலைராசு.
"ஒரு நூல் கூட" என்றான் கடைசி, வாசிமலை.
நடுவில் பிறந்த நால்வரும்
என் கடையின் தகரக் கூரையைப் பார்த்தார்கள்.

தனித்தனியாய் அறுத்தால் சண்டை வரும்.
அடுக்கி அறுத்தேன்.
மூன்று எம்.எம். பிளைவுட், ஆறு பலகை,
இடையிடையே இருபக்க டேப்.
அடியில் ஏழாவதாய் ஒரு கழிவுப் பலகை,
யாரோ உடைத்துப்போட்ட அலமாரியின் முதுகு.
பிளேடு வெளியேறும் பக்கம் சிலாம்பு தெறிக்கும்,
அதை வாங்கிக்கொள்ள ஒருவர் வேண்டும்.
எல்லாவற்றுக்கும் மேலே, ஒட்டிய காகிதத்தில்,
அழகுமலை.

அ-வின் சுழிக்குள் ஒரு துளை.
பிளேடைக் கழற்றி, துளைக்குள் நுழைத்து,
மறுபடி முடுக்கினேன்.
இந்த மிஷினில் பிளேடு நின்ற இடத்திலேயே குதிக்கும்,
நகர வேண்டியது பலகைதான்.
பேனாவை அசைக்காமல்
தாளைத் திருப்பித் திருப்பி எழுதுவதாய்
நினைத்துக்கொள்ளுங்கள்.
தள்ளக் கூடாது.
தள்ளினால் பிளேடின் வயிறு வளையும்,
மேலே இருப்பவருக்கு ஓர் அப்பா
கீழே இருப்பவருக்குக் கொஞ்சம் சாய்ந்த அப்பா.

ழ-வின் வாலில் இருந்தேன்.
பக்கத்து மாவு மில்லில்
யாருடைய வரமிளகாயோ அரைபடத் தொடங்கியது.
ட்யூப்லைட் மங்கியது, பிளேடு தளர்ந்தது,
என் கை தளரவில்லை.
நெல் அளவு ஒரு கடி.
மேலே தெரிந்தது ஒன்று,
தெரியாமல் உள்ளே இன்னும்.
தும்மிக்கொண்டே சுவிட்சை அணைத்தேன்.
ஒற்றைப் பலகையென்றால் தூக்கிப் போட்டிருப்பேன்.

மறுநாள் வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்கள்.
ஒருவர் பலகையை இன்னொருவர் பலகைமேல் வைத்து
விளிம்பெல்லாம் நகம் ஓட்டினார்கள்.
கடியைக் கண்டுபிடித்தது சோலைராசு.
"இது எல்லாத்துலயுமா?"
"எல்லாத்துலயும்."
"அப்பச் சரி."
ஆறு பேரும் தனித்தனியாய்ப் பணம் போட்டார்கள்.
மேஜைமேல் இருந்த பெட்டி
ஒரே தொகையை ஆறு தடவை கத்தியது.

நான்கு நாள் கழித்து ஒருத்தி வந்தாள்.
இருளாயி, அவனியாபுரத்தில் கட்டிக்கொடுத்தது.
விடுதலைப் பத்திரத்தில் கைநாட்டு இல்லையாம்,
கையெழுத்தே போட்டாளாம்,
அதைச் சொல்லும்போது மட்டும் கொஞ்சம் பெருமை.
"எனக்கு வாசல் இல்ல.
பீரோ மேல வச்சுக்கிருவேன்.
ஒண்ணே ஒண்ணு அறுக்க எவ்வளவு?"

பெஞ்சுக்கு அடியில் கிடந்ததை எடுத்தேன்.
வேறு மரம், வேறு நிறம்,
ம-வின் நடுவில் பழைய ஆணித் துளை,
முதுகு பூராவும் சிலாம்பு.
உப்புத்தாள் போட்டுத் தருகிறேன் என்றேன்,
காதில் வாங்கவில்லை.
எழுத்தெழுத்தாய் விரல் ஓட்டிக்கொண்டு போனவள்
ழ-வின் வாலில் நின்றாள்.

"இது?"

"மிஷின் தப்பு. எல்லாத்துலயும் இருக்கு."

"அவுங்க ஆறு பேர்துலயுமா?"

தலையாட்டினேன்.
மில்லில் இன்று கோதுமை.
விரலை அங்கேயே வைத்திருந்தாள்.
ஒரு சிலாம்பு ஏறியிருக்க வேண்டும்,
வாயில் வைத்துச் சப்பிவிட்டு
எவ்வளவு என்று மறுபடி கேட்டாள்.

கழிவுப் பலகை. காசு கேட்பதே தப்பு.
அவர்களிடம் வாங்கிய அதே தொகையைச் சொன்னேன்.
சுருக்குப்பையை அவிழ்த்து எண்ணி வைத்தாள்,
பேரம் பேசவில்லை.