இரண்டு கிரெடிட்

நூற்று நாற்பதில் நூற்று முப்பத்தெட்டு
என் கையில் இருந்தது, பதினோரு வருடமாக.
தமிழில் தேறினேன். ஆங்கிலத்தில், எப்படியோ, தேறினேன்.
வரலாற்றுத் தாள் அத்தனையும் முதல் எழுத்திலேயே.
பகுதி ஐந்துக்காக அரியமான் கரையில்
பாலிதீன் பொறுக்கிப் படமும் எடுத்துக்கொண்டோம்.
பகுதி நான்கில் நின்றுபோனது ஒன்று:
விழுமியக் கல்வி. வெள்ளிக்கிழமை கடைசி மணி.

சங்காயப் பேப்பர் என்போம் அதை.
கேளாமல் வலையேறி வருவது சங்காயம்.
ஏலம் கிடையாது, பெயர் கிடையாது,
மண்வெட்டியால் அள்ளிக்
கோழித் தீவனத்துக்கு ஏற்றுவார்கள்.

பரீட்சையன்று நான் போகவில்லை.
பெரிய காரணம் ஒன்றுமில்லை.
உச்சிப்புளியில் தோழிக்கு நிச்சயதார்த்தம்.
அடுத்த முறை எழுதலாம் என்றிருந்தேன்.
அடுத்த முறைக்குள் மண்டபத்தில் கம்பெனி வேலை,
கல்யாணம், ஒரு மகன், இரண்டு புயல்.

இப்போது மீனவர் சங்கத்தில் எழுத்தர் இடம் காலி.
பட்டம் வேண்டுமாம்.
பழைய பாக்கிக்காரர்களுக்குக் கடைசி வாய்ப்பென்று
பல்கலைக்கழகமும் இறங்கி வந்தது.
படகு கடலில் இருக்கும் நாளாகப் பார்த்து
ராமநாதபுரம் பஸ் ஏறினேன்.
ஹால் டிக்கெட்டில் பதினெட்டு வயதுப் பிரிஸ்கா.
பேனா பிடித்த விரலில்
சோப்புக்கு அடங்காத இறால் வாசம்.

பதினாறாம் கேள்வி, பத்து மதிப்பெண்.
நேர்மை என்றால் என்ன?
அன்றாட வாழ்விலிருந்து ஓர் எடுத்துக்காட்டுடன் விளக்குக.

கையேட்டில் ஒரு சிறுவன் இருந்தான்,
கண்டெடுத்த பணப்பையைக்
காவல் நிலையத்தில் கொடுத்தவன்.
அந்த அறையிலிருந்து மட்டும்
முப்பத்தாறு பணப்பைகள் காவல் நிலையம் போய்ச் சேர்ந்தன.
முப்பத்தேழாவதை நானும் எடுத்தேன்.
பாதி வழியில் வைத்துவிட்டு எழுதினேன்:

எங்கள் கம்பெனியில் பெட்டிக்கு இரண்டு கிலோ கழிவு.
ஐஸ் தண்ணிக்கு என்பார்கள்.
நம்புராஜன் வடித்து, சாக்கால் ஒற்றிக்
கொண்டுவரும் கணவாய்ப் பெட்டிக்கும் இரண்டுதான்.
தராசின் மேல் குற்றமில்லை.
சிவப்பு எண்ணில் உள்ளதைக் காட்டும்.
பக்கத்தில் நோட்டை விரித்து
இரண்டைக் கழித்து எழுதுகிற கை என்னுடையது.

ஓரத்தில் பெருக்கிப் பார்த்தேன்.
நாளுக்கு நாற்பது பெட்டி, வாரத்துக்கு மூன்று நாள்,
தடைக்காலம் போக நாற்பது வாரம்,
ஒன்பது வருடம்.
எண்பத்தாறாயிரத்து நானூறு கிலோ.
நான்-மேஜர் எலெக்டிவாக எடுத்த அடிப்படைக் கணக்கு
அன்றுதான் முதல்முறை எனக்கு உதவியது.

கண்காணிப்பாளர் குனிந்து பார்த்தார்.
"இது கணக்குப் பரீட்சை இல்லையேம்மா."
விதிப்படி
ஒரு குறுக்குக் கோடு போட்டு அடித்தேன்.

எழுபத்தைந்துக்கு முப்பத்தொன்று. தேர்ச்சி.
திருத்தியவர் படித்தாரோ,
பக்கத்தை எண்ணினாரோ.

மறுநாள் தராசில் நம்புராஜன் பெட்டி.
முப்பத்து நான்கு அறுநூறு.
முதலாளி காதில் போன்.
கழிவு என்ற கட்டத்தில் ஒன்றரை என்று எழுதினேன்.
நம்பு நோட்டைப் பார்த்தார்.
என்னைப் பார்க்கவில்லை.
காலிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு
வழக்கத்தைவிட மெதுவாகப் போனார்.

சாயங்காலம் முதலாளி விரல் வைத்துக் கேட்டார்:
"என்ன இது, அரை?"
"தண்ணி வடிஞ்சிருந்துச்சு."
"சரி சரி. அடுத்ததுல பாத்துப் போடு."

அடுத்ததில் இரண்டு போட்டேன்.
இரண்டு கிரெடிட்டுக்கு
அவ்வளவுதான் கட்டும்போல.

லாரி வரும்வரை காலடியில் சங்காயம் கிடந்தது.
குனிந்து பார்த்தேன்.
விரல் நீளத்துக்கு ஒரு சீலா, ஒரு பாறை,
நகம் அளவுக்கு நண்டு, ஊளி,
எனக்குப் பெயர் தெரியாத ஒன்று.
கடலில் உள்ளது எல்லாமே
கொஞ்சம் கொஞ்சம் அதில் இருந்தது.