கள் நீக்கம்

மூணு ரோடு அச்சகத்தில்
நான் பிழை பார்ப்பவள்.
கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி,
கந்துவட்டிக்கு எதிரான துண்டறிக்கை,
வைகாசி கழிவதற்குள் ஏற்காட்டிலிருந்து
மூவொரு கடவுள் பெருவிழா மலர்.

தந்தை, மகன், தூய ஆவியார் பெயராலே
என்றிருந்தது.
எண்ணினேன். மூன்று பேர்.
சிவப்புப் பேனாவால் ஒரு 'கள்' சேர்த்தேன்:
பெயர்களாலே.

இன்னாசிமுத்து ஃபாதர்
முதல் பஸ்ஸில் இறங்கி வந்துவிட்டார்.
மழைக்கோட்டைக்கூடக் கழற்றாமல்
என் 'கள்'ளை அடித்தார்.
"ஆள் மூவர்தான். பெயர் ஒன்று."
அப்படியானால் வினைமுற்று?
"இருக்கிறார்."
இலக்கணப்படி தப்பு, ஃபாதர்.
"நீங்கள் தினமும் எழுதும் 'அவர்'
ஒருமையா, பன்மையா?"
பன்மையாய்ப் பிறந்து
மரியாதையால் ஒருவரான சொல்.
பேனாவை மூடினேன்.

ஜன்னலைக் காட்டி,
மூன்று ரோடு கூடுகிறதே, அதுபோலவா என்றேன்.
"அது மூன்று துண்டு.
இங்கே எவரும் மூன்றில் ஒரு பங்கு இல்லை."
ஆவி?
"ஆவி இட்லிப்பானையில். இவர் ஆவியார்."
ஓர் 'ஆர்' விழுந்தால்
அது அவராகிவிடுகிறது
என்று ஓரத்தில் குறித்துக்கொண்டேன்.

அடுத்த ஆண்டு மெய்ப்புத் தாளோடு
நானே மலையேறினேன்.
ஃபாதர் இல்லை, நாகலூரில் ஒரு சாவு.
கோயில் வாசலில் 108 நின்றது.
காப்பித் தோட்டத்துச் செபஸ்தியம்மா
ஏழாம் மாதத்திலேயே பெற்றிருந்தாள்.
யாராவது ஒரு பொம்பளை ஏறுங்க, என்றான்
வண்டியிலிருந்த கோபிநாத்.
நான்தான் நின்றிருந்தேன்.

இருபதாவது வளைவுப் பலகை. பத்தொன்பது.
எண்கள் இறங்கிக்கொண்டிருந்தன.
பஞ்சுப் பொதிக்குள் பிள்ளை
நீலமாக, ஒரு கைக்குட்டை அளவு.
பதினாலில் அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள்.
"அக்கா, தண்ணி ஊத்துங்க. பேரு சந்தியாகு."
நான் வேதக்காரி இல்லம்மா, நெத்தியப் பாரு.
"யாரு வேணா ஊத்தலாமாம். மலர்ல போட்டிருந்துச்சு."

போட்டிருந்தது. பக்கம் முப்பத்தொன்று.
அவசரத்தில் எவரும் கொடுக்கலாம்,
திருச்சபை கொடுக்க நினைப்பதை
நினைத்துக் கொடுத்தால் போதும்.
அந்த வரியில் நான் செய்தது
ஒரு வல்லினம் மிகவைத்தது மட்டும்.

கோபிநாத் ஆக்ஸிஜனிலிருந்து கண்ணெடுக்கவில்லை.
"கையில வெச்சுச் சூடாக்கிட்டு ஊத்துங்க."
பாட்டில் மூடியை உள்ளங்கைக்குள் பொத்தினேன்.
தண்ணீர் ஓட வேண்டும். ஓடியது.
தந்தை, என்றேன்.
மகன். வண்டி திரும்பியதில்
பாதி மூடி என் சேலையில்.
தூய ஆவியார்,
'ஆர்' அழுத்தி.
அப்புறம் அந்த இடம் வந்தது.
இருபத்தாறு வருடப் பழக்கம்
நாக்கு நுனியில் வந்து நின்றது.
விழுங்கினேன்.
பெயராலே.

பத்து நாள் கழித்து
பதிவேட்டைச் சுமந்து ஃபாதர் அச்சகம் வந்தார்.
அன்றைக்கு என்னை அவர் பிழை பார்த்தார்.
எத்தனை தடவை?
மூன்று.
தண்ணீர் தோலில் பட்டதா?
பட்டது.
சொன்னதை அப்படியே சொல்லுங்கள்.
சொன்னேன்.
பெயரா, பெயர்களா?
பெயர்.

"செல்லும்" என்றார்.

அந்தச் சொல்லை
ஒரு விதமாக மட்டும் படிக்க என்னால் ஆகவில்லை.
நான்கு நாள் இருந்தான் பிள்ளை.

கொடுத்தவர் என்ற கட்டத்தில்
தமயந்தி என்று எழுதினார்.
மதம் கேட்கும் கட்டம் அதில் இல்லை.
மை காயும்வரை இருவரும் பேசவில்லை.
மேசை இழுப்பறையிலிருந்து
அந்த நீல மூடியை எடுத்து வைத்தேன்.
மூன்று மூடி, ஒரே பாட்டில்,
அப்படியாவது வைத்துக்கொள்ளலாமா ஃபாதர்?

சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை.
"அதுவும் தப்பு" என்றார்.
மூடியைத் திருப்பித் தரவில்லை.